ஒத்திவைப்பு மசோதாவை நம்பி அம்மாவின் காகித வேலையைத் தள்ளிப்போடலாமா?

அமெரிக்காவில் வசிக்கும் ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். ஊரையும் மாநிலத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது:

“வணக்கம் அக்கா. அம்மாவுக்கு 57 வயது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ஓர் இந்திய மளிகைக் கடையில் மணிக்கு 15 டாலருக்கு வேலை செய்கிறார். ஒரு வாரம் 20 மணி நேரம் இருக்கும், ஒரு வாரம் 8 மணி நேரம்கூடக் கிடைக்காது. சம்பளத்தில் பாதி காசோலை, பாதி கையில். அப்பா பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, தெரபிக்கு அழைத்துப்போவது எல்லாமே அம்மாதான். அம்மாவும் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். அவருக்கு இருப்பது மெடிக்கெய்ட் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மட்டும்தான். இனி மாதம் 80 மணி நேரம் வேலை செய்தால்தான் மெடிக்கெய்ட் என்கிறார்கள். எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் இதைத் தள்ளிவைக்கச் சொல்லி விவாதம் நடக்கிறது. கடை முதலாளி அண்ணன், ‘எப்படியும் தள்ளிவைத்துவிடுவார்கள், இப்போதே ஏன் அலைகிறீர்கள்’ என்கிறார். காத்திருக்கலாமா? ஏழைகளுக்கு நல்லது என்றால் தள்ளிவைப்பதைச் சிலர் ஏன் எதிர்க்கிறார்கள்? எங்களைப் போன்றவர்கள் இதில் ஏதாவது பேச முடியுமா?”

தம்பி,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். மசோதா நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் அம்மாவின் காகிதங்களை இந்த மாதமே சேர்க்கத் தொடங்குங்கள். கடை முதலாளி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் சமூக சுகாதார மையத்தில் காப்பீட்டு ஆலோசகராக நான் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு வருகிறவர்களில் அதிகம் பாதிக்கப்படுவது, “தள்ளிப்போகும் என்று சொன்னார்களே” என்று இருந்துவிட்டவர்கள்தான்.

இந்தத் தேதி யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வேலை நிபந்தனையைக் கொண்டுவந்தது உங்கள் மாநிலம் இல்லை. 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட மத்திய சட்டத்தில் அது இருக்கிறது. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் மெடிக்கெய்டை விரிவாக்கியதால் அதற்குள் வந்த 19 முதல் 64 வயது வரையானவர்களுக்கு அது பொருந்தும். மாநிலங்கள் 2027 ஜனவரி 1-க்குள் அதை அமல்படுத்தியாக வேண்டும், விரும்பினால் அதற்கு முன்பே தொடங்கலாம். அந்தத் தேதியைத் தாண்டிப்போக ஒரே ஒரு வழிதான் சட்டத்தில் இருக்கிறது. நாங்கள் உண்மையாகவே முயற்சி செய்கிறோம், இன்னும் தயாராகவில்லை என்று மாநிலம் மத்திய சுகாதாரத் துறைச் செயலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் 2028 டிசம்பர் 31 வரை அவகாசம் கிடைக்கலாம். ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடுத்த அவகாசத்தை அவர் இடையில் முடித்துக்கொள்ளவும் முடியும்.

ஆக உங்கள் சட்டமன்றம் ஒத்திவைப்பு மசோதாவை நிறைவேற்றினால், பெரும்பாலும் அதன் பொருள் “வாஷிங்டனிடம் அவகாசம் கேள்” என்று மாநில அரசுக்கு உத்தரவிடுவது, அல்லது “2027-க்கு முன்பே தொடங்காதே” என்று தடுப்பது. இரண்டுமே பயனுள்ளவை. ஆனால் எதுவும் அம்மாவின் கையில் கிடைக்கும் உத்தரவாதம் ஆகாது. வாஷிங்டன் தலையாட்டினால்தான் தேதி நகரும் என்பது புதிய விஷயமும் இல்லை. அயோவா மாநிலத்தின் ஆளுநர் டெர்ரி பிரான்ஸ்டாட் 2016 ஜனவரி 1 முதல் மெடிக்கெய்டைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கத் திட்டமிட்டபோது, மாநில செனட்டில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனாலும் தேதியை முதலில் மார்ச்சுக்கும் பிறகு ஏப்ரலுக்கும் நகர்த்தியது மத்திய அரசின் மெடிக்கெய்ட் அலுவலகம்தான். ஏப்ரலில் திட்டம் நடைமுறைக்கு வந்தேவிட்டது.

அப்படியானால் ஒத்திவைப்பு வீண் வேலையா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் 2019-இல் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் மாநிலத்தில் நடக்கும் விவாதத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அங்கே மெடிக்கெய்ட் விரிவாக்கத்துக்கு ‘கிரானைட் அட்வான்டேஜ்’ என்று பெயர். அதைத் தொடர வேண்டுமானால் வேலை நிபந்தனையும் வேண்டும் என்ற சமரசத்தில் 2018-இல் சட்டம் வந்தது. மாதம் 100 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது தன்னார்வப் பணி. இப்போதைய மத்தியச் சட்டத்தைவிட 20 மணி நேரம் அதிகம். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போயின. ஆளுநர் கிறிஸ் சுனுனு குடியரசுக் கட்சிக்காரர், அவர் பதவியில் தொடர்ந்தார். எனவே நிபந்தனையை ஒரேயடியாக ரத்துசெய்ய ஒரு தரப்பால் முடியவில்லை. அப்படியே ஓடவிட மறுதரப்புக்கும் மனமில்லை. இந்த இழுபறியில்தான் விலக்குகளை விரிவாக்கி, தேவைப்பட்டால், கணக்குக் காட்டாதவர்களின் காப்பீட்டை நிறுத்தும் தண்டனையை மட்டும் தள்ளிவைக்கச் சுகாதாரத் துறை ஆணையருக்கு அதிகாரம் தரும் மசோதா உருவானது.

ஜூன் 2019-இல் மணிக்கணக்கு தொடங்கியது. சுமார் 25,000 பேர் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. மாநிலம் சும்மா இருக்கவில்லை. கடிதம் அனுப்பினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், வீட்டுக் கதவையும் தட்டினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஜூலை தொடக்கத்தில் பார்த்தால் ஏறத்தாழ 17,000 பேரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு! அத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியுமா? வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் விலக்குக்குத் தகுதியானவர்களும் அதில் இருந்தார்கள். சிலருக்குக் கடிதமே போய்ச் சேரவில்லை. சேர்ந்த கடிதம் சிலருக்குப் புரியவில்லை. ஆளுநர் மசோதாவில் கையெழுத்திட்டார். ஆணையர் ஜெஃப்ரி மேயர்ஸ் தண்டனையை செப்டம்பர் இறுதி வரை நிறுத்திவைத்தார். அந்த 17,000 பேரின் மருந்துச் சீட்டும் மருத்துவர் சந்திப்பும் தப்பின.

அதே ஜூலை 29 அன்று வாஷிங்டனில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க், வேலை நிபந்தனைக்காக நியூ ஹாம்ப்ஷயருக்கு மத்திய அரசு கொடுத்திருந்த அனுமதியே செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒத்திவைப்பு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால், தீர்ப்பு வந்தபோதே ஆயிரக்கணக்கானவர்கள் காப்பீட்டை இழக்கும் வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஒத்திவைப்பு இல்லாத மாநிலத்தில் என்ன ஆனது என்பதற்கு ஆர்கன்சா இருக்கிறது. 2018 ஜூனில் தொடங்கினார்கள். மாதம் 80 மணி நேரம், இப்போதைய அதே எண். 30 முதல் 49 வயது வரையானவர்களிடம் ஆரம்பித்தார்கள். கணக்கை இணையத்தில் மட்டுமே பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத்தான் திறக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர், வீட்டில் இணைய வசதி இல்லாதவர், மின்னஞ்சல் கணக்கே இல்லாதவர் எல்லோரும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். தொலைபேசியில் சொல்லலாம் என்ற வசதி டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டை இழந்திருந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறகு ஆராய்ந்து பார்த்ததில் வேலைக்குப் போவோரின் எண்ணிக்கை கூடவில்லை. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள். என்னைக் கேட்டால், இந்த விவாதத்தில் வேறு எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை. இந்த ஒன்று போதும். வேலை செய்யாதவர்கள் விழவில்லை, வேலையைக் காகிதத்தில் காட்டத் தெரியாதவர்கள் விழுந்தார்கள்.

அன்று நீதிமன்றம் காப்பாற்றியதே, இப்போதும் காப்பாற்றாதா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டாம். மெடிக்கெய்ட் சட்டத்தின் நோக்கம் மருத்துவக் காப்பீடு தருவது, அதைக் கணக்கில் எடுக்காமல் செயலர் அனுமதி கொடுத்துவிட்டார் என்பதுதான் அன்றைய தீர்ப்பின் அடிப்படை. இப்போது நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிவிட்டது. அந்த வாதம் இனி அப்படியே எடுபடாது.

சரி, ஒத்திவைப்பை ஏன் எதிர்க்கிறார்கள்? எதிர்ப்பவர்களை எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உடல்நலம் உள்ள ஒருவர் வேலை, படிப்பு, சேவை என ஏதாவது செய்துதான் பொதுப்பணத்தைப் பெற வேண்டும் என்பதைச் சிலர் உண்மையாகவே நம்புகிறார்கள். சட்டம் வந்துவிட்டது, தள்ளிப்போடுவது அதை மறைமுகமாகக் கொல்லும் வழி என்று அவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இன்னும் சிலருக்குப் பணக் கணக்கு. கணினி நிறுவனங்களுடன் ஒப்பந்தம் போட்டாயிற்று, ஆட்களை எடுத்தாயிற்று, தேதி மாறினால் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடும், செலவு இரட்டிக்கும் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தயாராகாத கணினியை ஓடவிட்டால் வரும் செலவும் சிறியதில்லை. தவறாக வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவரும் மீண்டும் விண்ணப்பிப்பார்கள், மேல்முறையீடு செய்வார்கள், இன்சுலின் நின்றுபோய் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவார்கள். அந்தப் பில்லைக் கடைசியில் மருத்துவமனையும் மாநிலமும்தான் சுமக்கின்றன.

கோவிட் காலத்தில் நிறுத்திவைத்திருந்த மெடிக்கெய்ட் தகுதிப் புதுப்பித்தலை 2023-இல் மறுபடி தொடங்கியபோது நாடு முழுக்க இதைப் பார்த்தோம். 2.5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் மெடிக்கெய்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் தகுதி இல்லை என்று தெரிந்து வெளியேறியவர்கள் இல்லை. படிவம் வந்து சேரவில்லை, கையெழுத்து விட்டுப்போனது, பழைய விலாசத்துக்குக் கடிதம் போனது, இப்படிப்பட்ட காரணங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். உங்கள் சட்டமன்றத்தில் எல்லோரும் தேதியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். செய்தியிலும் அதுவே தலைப்பாக வரும். ஆனால் அம்மா காப்பீட்டில் நிலைப்பாரா என்பதை முடிவு செய்வது தேதி இல்லை. அதே மசோதாவிலும் அதை ஒட்டிய விதிகளிலும் சத்தமில்லாமல் எழுதப்படும் சில தேர்வுகள்தான். மத்தியச் சட்டம் அவற்றை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது.

உதாரணத்துக்கு, புதிதாக விண்ணப்பிப்பவர் முந்தைய எத்தனை மாதங்களுக்கு வேலைக் கணக்குக் காட்ட வேண்டும்? ஒரு மாதம் போதும் என்றும் மாநிலம் சொல்லலாம், தொடர்ந்து மூன்று மாதம் என்றும் சொல்லலாம். வேலை போய், அடுத்த வேலை கிடைத்து ஒரு மாதம்தான் ஆனவருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கனவே காப்பீட்டில் இருப்பவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தலின்போது மட்டும் சரிபார்க்கலாம், அதைவிட அடிக்கடியும் சரிபார்க்கலாம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற மாதம், வேலையின்மை மிக அதிகமாக உள்ள மாவட்டம் போன்றவற்றுக்குத் தற்காலிகச் சலுகை தருவதும் மாநிலத்தின் விருப்பம்தான். எல்லாவற்றையும்விடப் பெரிது, அரசிடம் ஏற்கனவே இருக்கும் சம்பளப் பதிவு, மருத்துவப் பில் பதிவு ஆகியவற்றைத் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கணினி ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது. அது சரியாக இருந்தால் பெரும்பாலானவர்கள் ஒரு காகிதமும் அனுப்ப வேண்டியிருக்காது. அரைகுறையாக இருந்தால் எல்லாச் சுமையும் அம்மா போன்றவர்கள் தலையில்தான் விழும்.

ஒத்திவைப்பு தேவை என்று நான் நினைப்பதே இந்த ஏற்பாட்டைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும் என்பதால்தான். நேரத்தை வாங்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் 2027-இல் விழ வேண்டியவர்கள் 2028-இல் விழுவார்கள், அவ்வளவுதான்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்தவுடன் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஏனென்றால் அம்மாவுக்கு 80 மணி நேரம் என்ற கணக்கே தேவைப்படாமல் போகலாம். மாற்றுத்திறனாளி ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கு மத்தியச் சட்டம் விலக்குத் தருகிறது. கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியும் அதில் அடங்குவார். இதைத்தான் முதல் வழியாகப் பிடிக்க வேண்டும். அப்பாவின் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். “நோயாளிக்கு உதவி தேவை” என்று ஒற்றை வரியில் முடிக்கவிடாதீர்கள். எந்த ஆண்டு பக்கவாதம் வந்தது, எந்தப் பக்கம் செயலிழந்தது, குளிக்க, உடுத்த, மருந்து எடுக்க, நடக்க யாருடைய உதவி தேவை, அந்த உதவியைச் செய்பவர் மனைவி இன்னார், இது எவ்வளவு காலம் நீடிக்கும் என்று விவரமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு சமூகப் பாதுகாப்புத் துறையின் ஊனத்தொகை வருகிறது என்றால் அந்தத் தீர்மானக் கடிதத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள். தெரபி சந்திப்புகளின் பட்டியலையும் மருத்துவமனையிலேயே அச்சடித்துத் தருவார்கள்.

இரண்டாவது வழி வருமானம். பலருக்கு இது தெரிவதில்லை. மணிக்கணக்குக்குப் பதிலாக மாத வருமானத்தையும் காட்டலாம். குறைந்தபட்ச மத்தியக் கூலியான 7.25 டாலரை 80-ஆல் பெருக்கினால் வரும் 580 டாலர்தான் அளவு. அம்மாவுக்கு மணிக்கு 15 டாலர். மாதம் 39 மணி நேரம் வேலை செய்தாலே 585 டாலர் ஆகிவிடுகிறது. 80 மணி நேரம் ஓடி ஓடி முடிக்க வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு 8 மணி நேரம் மட்டும் கிடைக்கும் மாதத்தில் இந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். அதனால்தான் இதை இரண்டாவது வழி என்றேன்.

இங்கேதான் அந்தப் “பாதி காசோலை, பாதி கையில்” பிரச்சினை குறுக்கே வருகிறது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மேசையில் இப்படிப்பட்ட சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பேனாவால் “18 மணி, 270” என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. தேதி இருக்காது, கடையின் பெயர் இருக்காது, வரிப் பிடித்தம் இருக்காது. அதிகாரிக்கு அது வெறும் காகிதம். முதலாளி காலாண்டுக்கு ஒருமுறை மாநிலத்துக்கு அனுப்பும் சம்பளக் கணக்கைத்தான் அரசின் கணினி முதலில் தேடும். கையில் கொடுத்த பணம் அதில் இருக்காது. ஆகவே அம்மா நிஜமாக 60 மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அரசின் கண்ணுக்கு 30 மணி நேரம்தான் தெரியும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கையில் வாங்கும் பணமும் வருமானம்தான். அதை வரிக் கணக்கிலும் மெடிக்கெய்ட் விண்ணப்பத்திலும் காட்டாமல் விட்டிருந்தால், பிறகு அதையே ஆதாரமாகக் கொண்டுபோய்க் காட்ட முடியாது. முதலாளி அண்ணனிடம் உட்கார்ந்து பேசுங்கள். இனிமேல் முழுச் சம்பளமும் காசோலையாக, சம்பளச் சீட்டுடன் வர வேண்டும். “அம்மாவின் காப்பீடு இதில் இருக்கிறது அண்ணா” என்று சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன். ஏற்கனவே வாங்கிய பணத்தை எப்படிச் சரிசெய்வது என்பதை இலவச வரி உதவி மையத்திலோ சட்ட உதவி மையத்திலோ கேட்டுச் செய்யுங்கள். நீங்களாகவே ஒரு கணக்கை எழுதி அனுப்பிவிட வேண்டாம்.

சர்க்கரை நோயை வைத்து விலக்குக் கேட்கலாமா என்பதும் உங்கள் மனதில் இருக்கும். தீவிரமான அல்லது சிக்கலான நோய் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இன்சுலின் போடுகிறார் என்பது மட்டும் போதுமா என்பது உங்கள் மாநிலம் அதை எப்படி வரையறுக்கிறது என்பதைப் பொறுத்தது. கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று ஏதாவது பாதிப்பு இருந்தால் மருத்துவரின் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாநிலத்திடம் அம்மாவின் இப்போதைய விலாசமும் கைப்பேசி எண்ணும்தான் இருக்கின்றனவா என்று இன்றே சரிபாருங்கள். நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று அறிவிப்பு வந்தால் பதில் சொல்ல 30 நாள் உண்டு, அதுவரை காப்பீடு தொடர வேண்டும். அந்த 30 நாளும் தபால் பெட்டியிலேயே கழிந்துவிடக் கூடாது. காப்பீட்டை நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்தால், அது நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே மேல்முறையீடு செய்து, முடிவு வரும்வரை காப்பீட்டைத் தொடரச் சொல்லிக் கேளுங்கள். அலுவலகத்தை அழைக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் காசு வாங்கக் கூடாது. “இந்தியா” என்று கேட்டதும் இந்தி பேசுபவரை இணைத்துவிடுவார்கள். அம்மா தயங்காமல் “தமிழ், இந்தி இல்லை” என்று சொல்லட்டும். காத்திருக்க வைப்பார்கள், ஆனால் கிடைக்கும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பலரும் கவனிக்காத ஒரு பிரிவு சட்டத்தில் இருக்கிறது. வேலை நிபந்தனையை நிறைவேற்றாமல் மெடிக்கெய்டை இழந்தவருக்கு, ஒபாமாகேர் சந்தையில் (தனியார் காப்பீட்டை வாங்குவதற்கான அரசு ஏற்பாடு) காப்பீடு வாங்க மத்திய அரசு தரும் மானியமும் கிடையாது. “இது போனால் அது” என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வயதில் மானியம் இல்லாத காப்பீட்டின் மாதக் கட்டணத்தை அவர் சம்பளத்தில் கட்டவே முடியாது.

கடைசிக் கேள்வி, நீங்கள் பேச முடியுமா? கண்டிப்பாக முடியும், பேச வேண்டும். மசோதா குழுவில் இருக்கும்போது பொது விசாரணை நடக்கும். நேரில் போகலாம், எழுத்து மூலமும் அனுப்பலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் அரசியல்வாதிக்கு எழுதும்போது கட்சியைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிப் பணிவாகக் கும்பிடு போடுவார்கள். இரண்டும் வேண்டாம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அம்மா எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கடைக்குப் போகிறார், எத்தனை மணிக்கு வந்து அப்பாவுக்கு மருந்து கொடுக்கிறார், இதைக் காகிதத்தில் நிரூபிக்க என்னென்ன வாங்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். ஒத்திவைப்பை எதிர்க்கும் உறுப்பினருக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு குடியரசுக் கட்சி ஆளுநர்தான் கையெழுத்திட்டார் என்பதை மறக்க வேண்டாம். கேட்கும்போது “தள்ளிவையுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். விண்ணப்பத்துக்கு ஒரு மாதக் கணக்கு போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும், குடும்பத்தினரைக் கவனிப்பவரின் விலக்குக்கு எளிய படிவம் ஒன்று வேண்டும், தொலைபேசியிலும் நேரிலும் கணக்குச் சொல்ல வழி வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒத்திவைப்பு தோற்றாலும் இவை மசோதாவில் நுழைந்துவிட வாய்ப்பிருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா குடியுரிமை பெற்றவர் என்பதால் குடியேற்ற நிலையைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆனால் இலங்கையிலிருந்து அகதியாகவோ தஞ்சம் பெற்றோ வந்து இன்னும் கிரீன் கார்டு வாங்காமல் மெடிக்கெய்டில் இருக்கும் குடும்பங்கள், வேலை நிபந்தனைக்கு முன்பே வேறொரு தேதியைப் பார்க்க வேண்டும். அதே 2025 சட்டப்படி 2026 அக்டோபர் 1 முதல், அந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மத்திய அரசின் பணத்தில் முழு மெடிக்கெய்ட் கிடையாது. எந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஒத்திவைப்பு மசோதாவும் அந்தத் தேதியை நகர்த்தாது. கிரீன் கார்டுக்குத் தகுதி வந்திருந்தால் விண்ணப்பத்தைத் தாமதிக்காதீர்கள். உங்கள் மாநிலம் சொந்தப் பணத்தில் ஏதாவது காப்பீடு தருகிறதா என்று அருகிலுள்ள சமூக சுகாதார மையத்திலும், குடியேற்ற விஷயத்தை ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.